குல்மார்க்: பனி மலிந்த நாளும் பாதை மலிந்த நாளும்

குல்மார்க்கில் ஒரு காலத்தில் பனிக்குக் குறைவே இருந்ததில்லை. அதனிடம் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. இன்று போய்ச் சேருவது எளிது. பனிதான் விழுமா விழாதா என்று வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்குத் தளத்தில் கடந்த நூறாண்டில் நடந்த மாற்றங்களில் பலவும் நல்லவை என்றே நினைக்கிறேன். மாதச் சம்பளக்காரர் ஒருவர் சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி மலைச்சரிவில் இறங்கிப் பார்ப்பது இன்று நடக்கிற காரியம். இத்தனையும் கைக்கு எட்டிய நேரத்தில் பனி கைவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்தப் புல்வெளி. சுற்றிலும் ஊசியிலைக் காடு. தலைக்கு மேலே அஃபர்வத் மலை. ஆங்கிலேயர்களுக்கு இது கோடைக்கான ஊர். கோல்ஃப் மைதானம், தேவாலயம், மரக்குடில்கள் எல்லாம் அமைத்துக்கொண்டார்கள். குளிர் இறங்கியதும் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். 1927-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கிய பிறகுதான் குல்மார்க்கின் குளிர்காலத்துக்கும் ஆள் வரத் தொடங்கினார்கள்.

அன்றைய சறுக்கு விளையாட்டில் ஏறுவதுதான் முக்கால் வேலை. இழுத்துப்போக லிஃப்ட் கிடையாது. பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டால் அதன் மயிர் பனியைப் பிடிக்கும், பின்னால் வழுக்காது. அப்படி அடி அடியாக ஏறுவது அக்காலத்துச் சறுக்கு வீரர்களின் வழக்கம். காலை முழுக்க ஏறினால் சில நிமிடம் இறங்கலாம். உடல் வலு வேண்டும், விடுமுறை வேண்டும், சுமை தூக்க ஆள் வேண்டும். அதிகாரிகளுக்கு இவை மூன்றும் இருந்தன. அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த காஷ்மீரிகள் பெரும்பாலும் சுமை தூக்கும் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு முதலில் வந்தது ராணுவம். 1948-ல் இங்கே தொடங்கிய ராணுவச் சறுக்குப் பள்ளிதான் பின்னாளில் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. பொதுமக்களுக்கான கதவு 1960-களின் இறுதியில், மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அமைந்தபோது திறந்தது. இரண்டு வாரப் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, சறுக்குப் பலகை, பயிற்சியாளர் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடக்கம். இந்தியாவில் குறைந்த செலவுப் பனிச்சறுக்கு என்று ஒன்று இருக்கிறதென்றால் அதற்கு அடித்தளம் போட்டது இந்த ஏற்பாடுதான். தனியார் விடுதி விளம்பரங்களுக்கு நடுவே இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பணம் படைத்தவர்களுக்கு வேறு வழி இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற சறுக்கு வீரர் சில்வான் சோதான், வெளிநாட்டவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப்போய் காஷ்மீர் மலையுச்சிகளில் இறக்கிவிடும் சேவையை நடத்தினார். அதே ஆண்டுகளில்தான் குல்மார்க்குக்கு ரோப் கார் அமைக்கும் வேலையும் தொடங்கியது. பிறகு பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் எழுந்தது. ஹெலிகாப்டர் போயிற்று, பயணிகள் போனார்கள், ரோப் கார் வேலையும் நின்றது. தமிழ்ப் படம் பார்த்தவர்களுக்கு அந்த முறிவு தெரியும். 1961-ல் ஸ்ரீதர் ‘தேன் நிலவு’ படத்தை காஷ்மீருக்கே போய் எடுத்தார். 1992-ல் வந்த ‘ரோஜா’ காஷ்மீரில் நடக்கும் கதைதான். ஆனால் காஷ்மீரில் எடுக்க முடியவில்லை.

1998-ல்தான் ரோப் காரின் முதல் கட்டம் ஓடியது. கீழே குல்மார்க்கிலிருந்து 3,000 மீட்டருக்குச் சற்று மேலே உள்ள கொங்டூரி வரை. இரண்டாம் கட்டம் 2005-ல் திறந்தது. அது அஃபர்வத் தோளில், 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் விடுகிறது. உலகிலேயே மிக உயரத்தில் சறுக்குவோரை இறக்கிவிடும் ரோப் கார்களில் இதுவும் ஒன்று. தோல் கட்டி அரை நாள் ஏறிய மலையை அரை மணிக்குள் ஏறிவிடலாம் என்றானதும் விளையாட்டின் தன்மையே மாறிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு முறை இறங்கியவர்கள் பலமுறை இறங்கினார்கள். இறங்க இறங்கத்தானே கை கால் பழகும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து முதுகுப்பையோடு வந்த இளைஞர்கள், சீர்செய்யப்படாத ஆழ்பனியில் இவ்வளவு மலிவாகச் சறுக்க வேறு இடமில்லை என்று தங்கள் ஊரில் போய்ச் சொன்னார்கள்.

உபகரணத்தில் நடந்த மாற்றமும் சின்னதல்ல. பழைய பலகைகள் நீளமானவை, நேரானவை. கையை உயர்த்தினால் மணிக்கட்டு வரை வரும் நீளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அவற்றைத் திருப்புவதற்கே புதியவர்கள் நாள்கணக்கில் விழுந்தெழ வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் உலகெங்கும் இடை சிறுத்த பலகைகள் வந்தன. ஓரத்தின் மேல் சாய்ந்தாலே வளைந்து திரும்பும். நீளமும் தாடை அளவுக்கு இறங்கியது. கற்றுக்கொள்ளும் நாட்கள் குறைந்தால் விடுதிச் செலவு குறைகிறது, பயிற்சியாளர் செலவு குறைகிறது. குறைந்த செலவுப் பயணக்காரருக்கு மானியத்தைவிடப் பெரிய உதவி இது. இன்று குல்மார்க் கடைகளில் பலகை, காலணி, ஊன்றுகோல் மூன்றையும் நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஒன்று மட்டும் சொல்வேன்: காலணியில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். பலகை பழசானால் சமாளிக்கலாம். காலணி பொருந்தாவிட்டால் மறுநாள் நடக்கவே முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஆட்களில் நடந்தது. சுமை தூக்கியவர்களின் ஊர்களிலிருந்தே பயிற்சியாளர்களும் வழிகாட்டிகளும் மீட்புப் படையினரும் எழுந்து வந்தார்கள். குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், சறுக்கு உபகரணக் கடை வைத்திருந்தவரின் மகன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்ட ஒரே வீரர் அவர். ஜெயண்ட் ஸ்லாலம் பிரிவில் 45-ஆவதாக வந்தார். 2020 முதல் குல்மார்க்கில் நடக்கும் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளில் தென்னாட்டவர்களும் வருகிறார்கள். குடகு மலையிலிருந்து வந்த பவானி தெக்கடா நார்டிக் பிரிவில் தங்கம் வாங்கியிருக்கிறார். பனியே விழாத ஊரில் பிறந்தவர் பனியில் பதக்கம் வாங்குவது, நுழைவாயில் உண்மையாகவே அகன்றிருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி.

இனி பாதை. முன்பு சென்னையிலிருந்து ரயிலில் ஜம்மு போய், அங்கிருந்து பேருந்தில் மலை ஏற வேண்டும். பீர் பஞ்சால் மலையைத் துளைத்து 1956-ல் திறந்த ஜவாஹர் சுரங்கம்தான் குளிர்காலத்தில் ஒரே வாசல். பனி விழுந்தாலோ மண் சரிந்தாலோ நெடுஞ்சாலை அடைபடும். வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். விடுமுறையில் பாதி சாலையிலேயே கரைந்துவிடும். 2017-ல் 9 கிலோமீட்டர் நீளமுள்ள செனானி – நஷ்ரி சுரங்கம் வந்தது. 2021-ல் பனிஹால் – காஸிகுண்ட் சுரங்கம். 2025 ஜூனில் செனாப் பாலத்தின் மேல் ரயிலே ஓடத் தொடங்கியது. காத்ராவிலிருந்து ஸ்ரீநகர் இப்போது மூன்று மணி நேரத் தொலைவு. கன்னியாகுமரியில் கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் சென்னையிலிருந்து போகும் அந்தமான் எக்ஸ்பிரஸும் காத்ரா வரை போகின்றன. தூங்கும் வசதிப் பெட்டியில் ஏறி, வண்டி மாறி, ஒரு தமிழ்க் குடும்பம் ரயிலிலேயே காஷ்மீர் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம் என்பது என் பெற்றோர் காலத்தில் கற்பனைக்கும் எட்டாதது.

செலவு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் கட்டுப்படுத்தலாம். புதிதாகக் கற்பவருக்கு முதல் நாட்களில் ரோப் கார் தேவையே இல்லை. புல்வெளியின் மென்சரிவும் சிறிய இழுவை லிஃப்டும் போதும். ரோப் காரின் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், நெரிசல் நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். குல்மார்க்கில் தங்குவதைவிட 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் தங்கினால் அறை மலிவு. காலையில் பகிர்வு சுமோவில் ஏறி வரலாம். பனி பலமாக இருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர இழுவை வண்டியோதான் மேலே விடப்படும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: சுவிட்சர்லாந்தின் பெரிய தளங்களில் ஒரு நாள் லிஃப்ட் சீட்டுக்கு மட்டுமே 80 பிராங்குக்கு மேல் ஆகிறது, நம் பணத்தில் 8,000 ரூபாய்க்கும் மேல். விமானமும் விசாவும் தனி.

மலிவு என்பதற்காக மலையை மலிவாக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியத் தளங்களைப் போல அஃபர்வத் சரிவுகள் முழுவதும் சீர்செய்து காவல் காக்கப்பட்டவை அல்ல. ரோப் காருக்கு அருகிலுள்ள சில சரிவுகளைத்தான் மீட்புப் படை கவனிக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், மறு ஆண்டு அதே மாதத்தில் ரஷ்யர் ஒருவரும் அங்கே உயிரிழந்தார்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று நினைப்பவர் இரண்டாம் கட்டத்துக்குப் போகாமலிருப்பதே நல்லது.

பனியின் கதைக்கு வருகிறேன். காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் 40 நாள் சில்லை கலான், கடுங்குளிர். அடுத்து 20 நாள் சில்லை குர்த், கடைசியாகப் பத்து நாள் சில்லை பச்சா. முதல் நாற்பது நாளில் விழும் பனிதான் இறுகி நின்று வேனில் வரை நீர் தரும்; அதன் மேல்தான் சறுக்கும் பருவமே நின்றது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்த அலைகள் இந்தப் பனியைக் கொண்டுவருகின்றன. 2024 ஜனவரியில் அவை ஏறக்குறைய வரவே இல்லை. சில்லை கலான் முழுக்கப் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் வெண்மை வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளைப் பனியில்லை என்று தள்ளிவைத்து மார்ச்சில் நடத்தினார்கள். பனி வருகிற ஆண்டுகளிலும் பிந்தி வருகிறது, சீக்கிரம் உருகுகிறது, தாழ்ந்த சரிவுகளில் சில நேரம் மழையாகவே பெய்துவிடுகிறது.

இதில் அநியாயம் என்னவென்றால், முதலில் பனியை இழப்பது தாழ்ந்த சரிவு, அதாவது புதியவர்களும் காசு குறைந்தவர்களும் பழகும் சரிவு. மேலே, அஃபர்வத்தில், ஓரளவு பனி இருக்கவே செய்யும். அங்கே போகப் பயிற்சியும் வேண்டும், ரோப் கார் சீட்டும் வேண்டும். நூறாண்டு உழைத்து எல்லோருக்கும் கொண்டுவந்த விளையாட்டு, பனிக்கோடு மேலே ஏற ஏற, மறுபடியும் சிலருக்கானதாகச் சுருங்குகிறது.

பனியில்லாத ஜனவரியில் நாம் பயணத்தை ரத்து செய்துவிடலாம். சறுக்கு வண்டி இழுப்பவர், வாடகை பூட்ஸ் கொடுப்பவர், பயிற்சியாளர் இவர்களுக்கு அந்த நாற்பது நாள்தான் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பயணிகள் வருவது நின்றுபோனதையும் அவர்கள் தாங்கினார்கள். துப்பாக்கிக்கும் வெயிலுக்கும் நடுவே நிற்கிற இந்தத் தொழிலாளர்களுக்கு, மழை பொய்த்தால் உழவருக்கு இருப்பதைப் போலப் பனி பொய்த்தால் ஒரு காப்பீடு இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போக நினைக்கும் நம்மவர்களுக்கு இப்போதைய நடைமுறைச் சிக்கல் இதுதான். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது; பனி நிலவரமோ ஒரு வாரத்துக்கு முன்புகூட உறுதியாகத் தெரிவதில்லை. கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையை நம்ப வேண்டாம். பிப்ரவரி நடுவில் தொடங்கும் பத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் அறையைப் பிடியுங்கள். அரசுப் பயிற்சியில் சேருவதானால் பிப்ரவரிக்குப் பிந்திய பிரிவைக் கேளுங்கள். ஸ்ரீநகரில் இறங்கிய அன்று குல்மார்க்கில் இருக்கும் பயிற்சியாளரையே தொலைபேசியில் அழைத்து, கீழ்ச்சரிவில் பனி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு தங்மார்க் வண்டியில் ஏறுங்கள்.