பொம்மை மாதிரி லைட்டர்... தடை எங்கே? நம்ம ஊர்ல என்ன நிலைமை?

பார்த்தா குட்டி கார், அழுத்தினா தீ! இது லைட்டர்னு குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அதனாலதான் ஐரோப்பிய ஒன்றியம் 2007 மார்ச் 11 முதல் பொம்மை லைட்டர்களுக்குத் தடை போட்டது. 51 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைக் கவரும் உருவம் இருந்தாலே போதும், விற்பனைக்கு வரக்கூடாது. பாட்டு பாடினாலும் அதே கதிதான். அமெரிக்காவிலோ, 5 வயதுக்குட்பட்டவர்கள் எளிதில் பற்றவைக்க முடியாத லைட்டர்தான் வேணும்னு 1994-லேயே விதி வந்துவிட்டது.

இந்தியாவில்? 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. ஆனால் அது குழந்தைகளுக்காக அல்ல, தீப்பெட்டித் தொழிலுக்காக. முதல்வர் ஸ்டாலின் 2022-ல் கடிதம் எழுதியதும் இதற்காகத்தான்.

அந்தத் தடை பார்ப்பது விலையை, உருவத்தை அல்ல. திமிரி பெட்டிக்கடையில் மிட்டாய் டப்பா பக்கத்தில் கார் லைட்டர் இருந்தாலும், இறக்குமதி விலை 20 ரூபாயைத் தாண்டியிருந்தால் இந்தத் தடை அதைத் தொடாது.