சாரல் நேரத்தில் கம்ப்யூட்டருக்குக் கைவைத்தியம்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். ஆரியங்காவு கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் தென்காசி வீடுகளின் ஜன்னல்வரை எட்டிப்பார்க்கும். நமக்குச் சுகம்தான். சித்திரை வெயிலில் கம்ப்யூட்டருக்குச் செய்த கைவைத்தியத்தை அப்போதும் விடாமல் தொடர்ந்தால்தான் வினை.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவார்கள். சூடு கொஞ்சம் குறையும், பொய்யில்லை; கூடவே தூசியும் உள்ளே போகும். ஏர்கூலர் வைப்பவர்களும் உண்டு. தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்விக்கும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் சாரல் நாளில் குளிர்ச்சி எங்கே வரும்? ஈரம்தான் மிச்சம். ஐஸ் பை வைப்பது இன்னும் மோசம். குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்துமுத்தாய்க் கோர்க்கும். தூசியோடு கலந்தால் அதில் மின்சாரம் பாயும், போர்டு போய்விடும்.

சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிராசசர் ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். அதற்கடியில் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளித் துண்டுபோல் அப்பியிருக்கும். 100 டிகிரியை நெருங்கினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'சிஸ்டம் ஸ்லோ' என்ற புலம்பல் பல வீடுகளில் இதனால்தான். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுச் சின்னப் பட்டாணியளவு புதிது வைத்தால் போதும். கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்றால் எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாரண்டி இருந்தால் ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் வாரண்டி நிபந்தனைகளைப் படியுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன பழுது என்று எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். 'பில் போட்டால் ஜிஎஸ்டி ஆகும்' என்று கடைக்காரர் இழுத்தாலும் பில் இல்லாமல் நகராதீர்கள். பில் தராததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாத நிலையில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். தீராவிட்டால், சென்னைக் கடையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.