இரு உருளிகளும் ஒரு முறுக்கும்

பொறியின் சுழற்சியை ஓர் அச்சின் இரு உருளிகளுக்கும் பகிர்ந்தளித்து, அவை வெவ்வேறு விரைவில் சுழலவும் இடங்கொடுக்கும் பல்லிணைத் தொகுதியே வேறுபாட்டுப் பல்லிணை. பணிமனைகளில் இதனை டிஃபரன்ஷியல் என்பர். மயிலாப்பூரின் மாட வீதி மூலையில் பங்குனித் தேர் திரும்பும்போதும் வெளியுருளி உள்ளுருளியினும் மிகுதொலைவு ஓடுகிறது. ஆயினும் தேர் வடத்தால் இழுக்கப்படுவது. அதன் உருளிகள் அச்சின்மீது தனித்தனியே சுழல்வன. ஆதலின் அதற்கு இத்தொகுதி வேண்டுவதில்லை. ஒரே தண்டினின்று ஆற்றல் பெறும் பொறியூர்திக்கே இது வேண்டும். 1827-இல் பிரான்சு நாட்டுக் கடிகைவினைஞர் பெக்கர் தம் நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இரு உருளிகளுக்கும் இடைப்பட்ட அகலம் 1.3 மீட்டர் எனக் கொள்வோம். நேர்மூலைத் திருப்பம் ஒன்றில் வெளியுருளி ஏறக்குறைய 2 மீட்டர் கூடுதலாக ஓடும். அத்திருப்பம் தியாகராயர் நகரின் குறுந்தெரு முனையில் நிகழினும் அகன்ற நெடுஞ்சாலையில் நிகழினும் இவ்வளவு மாறாது. ஏனெனில் அது திருப்பத்தின் ஆரையைச் சார்ந்ததன்று, அச்சின் அகலத்தையே சார்ந்தது.

இத்தொகுதி இரு நெறிகளுக்கு அடங்கியது. இரு உருளிகளின் சுழல்விரைவைக் கூட்டி இரண்டால் வகுத்தால் பல்லிணைக் கூட்டின் விரைவு கிடைக்கும் என்பது முதல் நெறி. உராய்வு இழப்பை நீக்கிப் பார்த்தால், இரு உருளிகளும் எப்போதும் ஒத்த முறுக்கையே பெறும் என்பது இரண்டாம் நெறி. நல்ல சாலையில் அருளாகும் இந்த இரண்டாம் நெறியே மணலிலும் சேற்றிலும் தளையாகிறது. ஓர் உருளி வழுக்குமிடத்தில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கை மட்டுமே தாங்கினால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே 100 தான் கிட்டும். வண்டி நகராது, வழுக்கும் உருளி மட்டும் வீணே சுழலும்.

இதற்கான மாற்றுகள் இருபாலன. ஒரு பாலாகிய வழுக்கல் மட்டுப்படுத்தி, நன்கு பற்றியுள்ள உருளிக்கு மற்றதன் முறுக்கைப்போல் இத்தனை மடங்கு எனக் கூடுதலாக அனுப்பும். அவற்றுள் புரிப்பல்லிணை வகை தேய்மானம் குறைந்தது, ஓசையற்றது. ஆயினும் பெருக்கலை அடிப்படையாகக் கொண்டமையால், உருளி ஒன்று அந்தரத்தில் தொங்கினால் அதன் முறுக்குச் சுழி; சுழியை எத்தனை மடங்காக்கினும் சுழியே. உராய்வுத் தட்டு வகையில் வில்லின் முன்னழுத்தம் இருப்பதால் அந்நிலையிலும் சிறிது முறுக்குக் கிட்டும். ஆனால் தட்டுகள் தேயும், அதற்கென உரிய எண்ணெயே ஊற்ற வேண்டும். மற்றொரு பாலாகிய பூட்டு, இரு உருளிகளின் தண்டுகளையும் ஒன்றாகவே பிணைத்துவிடும். அதிலும் தானியங்கிப் பூட்டு உண்டு. ஓட்டுநர் விரும்பும்போது காற்றழுத்தத்தாலோ மின்னாலோ இயக்கும் ஏவற்பூட்டும் உண்டு.

இனித் தேர்வு. அடையாற்றுப் பக்கம் ஒரு பழைய ஜிப்சியோ மகிந்திரா ஜீப்போ வைத்திருப்பவர், ஆண்டில் சில நாள் கொல்லிமலைக் காட்டுவழி செல்வார்; எஞ்சிய நாளெல்லாம் நகரத் தெருக்களிலேயே ஓட்டுவார். ஜிப்சியின் அச்சிடைத் தொலைவு 2375 மில்லிமீட்டரே. இத்தகைய குறுகிய வண்டியின் பின்னச்சில் தானியங்கிப் பூட்டை ஏற்றினால், மழைநாளில் அண்ணா மேம்பாலத்தில் வளைந்திறங்கும்போது பின்புறம் பக்கவாட்டில் நழுவ முற்படும். ஆதலின் தானியங்கிப் பூட்டை நான் பரிந்துரையேன். ஏவற்பூட்டு இயக்காதபோது, பூட்டோ மட்டுப்படுத்தியோ இல்லாத திறந்த வகையாகவே நடந்துகொள்ளும். விலை மிகுதியாயினும் இவ்விரட்டை வாழ்வுக்கு அதுவே தக்கது.

ஆனால் பூட்டை வாங்குமுன் தண்டை நோக்க வேண்டும்; பலர் இதைத் தலைகீழாகவே செய்கின்றனர். பொறி 100 நியூட்டன் மீட்டர் தருகிறது, பல்லிணைகள் அதனை 30 மடங்காக்குகின்றன, அது முழுதும் பின்னச்சுக்கே வருகிறது எனின், திறந்த வகையில் ஒவ்வொரு தண்டும் 1500 தாங்கும். பூட்டியபின் ஓர் உருளி தொங்கினால், மற்றைத் தண்டொன்றே 3000 தாங்க நேரும். பல்லாண்டு உழைத்த தண்டு அங்கே முறிவதில் வியப்பில்லை. புதுப்பேட்டையிலோ ஜி.பி. சாலையிலோ பழைய அச்சு வாங்குவோர், தண்டு முனையின் வரிப்பள்ளங்களை எண்ணி, அவை முறுகியுள்ளனவா என விரல் வைத்துப் பார்ப்பது நன்று. பள்ளங்கள் நேராக ஓடாமல் திருகியிருந்தால் அத்தண்டைத் தொடவேண்டாம். வண்டியின் பின்னச்சினுள் முன்பே என்ன வகை இருக்கிறது என்பதை அறிவதும் எளிது. பின்னுருளிகள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, பல்லிணை மாற்றியை இணையா நிலையில் வைத்து, ஒன்றைக் கையால் சுழற்றுக. மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் பெரும்பாலும் திறந்த வகை. உடன்சுழன்றால் மட்டுப்படுத்தியோ பூட்டோ உள்ளது.

தண்டு நலிந்தது, பணமும் குறைவு எனின், திறந்த வகையோடே காலந்தள்ளலாம். சிக்கிய வேளையில் கால்தடுப்பை மெல்ல மிதித்தபடி முடுக்கினால் வீணே சுழலும் உருளிக்குச் சுமை ஏறும்; ஆனால் தடுப்பு மற்றதையும் அதே அளவு பிடிப்பதால் திறந்த வகையில் பயன் சிறிதே. பின்னச்சுக்கு ஆற்றல் கொணரும் நீள்தண்டில் கைத்தடுப்பு அமைந்த பழைய ஜீப்புகளில் கைத்தடுப்பாலும் இதைச் செய்ய முயல்வது வீண், ஏனெனில் அது இரு உருளிகளையும் ஒருங்கே பிடிக்கும். மணலில் உருளியின் காற்றைக் குறைப்பதே பெரிதும் கைகொடுக்கும். காற்றுப் பூட்டுக்கென வாங்கும் அழுத்திப்பொறி, திரும்பி வரும்போது அக்காற்றை மீண்டும் நிரப்பவும் பயன்படும்.