கடைக்கு ஒரு நம்பர், வீட்டுக்கு ஒரு நம்பர்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் தறியிலிருந்து இறங்கும் சேலைகள் இன்று வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஊர் ஊராகப் போய்ச் சேருகின்றன. மதுரையிலோ தூத்துக்குடியிலோ வீட்டிலிருந்தபடி அவற்றை வாங்கி விற்கும் பெண்களில் பலருக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, கல்லாப்பெட்டியும் கிடையாது. பத்து இலக்க செல்போன் நம்பர்தான் அவர்களுடைய கடை. எலக்ட்ரீஷியன், டியூஷன் டீச்சர், கல்யாண சமையல்காரர், அழகுக்கலை நிபுணர், ஆட்டோ ஓட்டுநர் என்று தனி ஆளாகத் தொழில் செய்யும் எல்லாருடைய நிலையும் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், வங்கிக் கணக்கில் இருப்பதும் அதே நம்பர். ஆதாரிலும், ரேஷன் கார்டிலும், கேஸ் பதிவிலும், பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலும் அதே நம்பர். இரவு பதினொரு மணிக்கு ஒலி கேட்டால், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறி எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால், “அக்கா, அந்த மெரூன் கலர் இன்னும் இருக்கா?”

வாடிக்கையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது கடையின் நம்பர். கடை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று அது அவருக்குச் சொல்வதில்லை. அதே நம்பர் அறிமுகமில்லாத ஆட்களின் போனுக்கும் போகிறது. நள்ளிரவு வீடியோ காலும், வேண்டாத ‘குட் மார்னிங்’ படங்களும் வந்துகொண்டே இருக்கும்போது, வியாபாரத்தை நிறுத்தினால்தான் நிம்மதி என்ற இடத்துக்குச் சில பெண்கள் தள்ளப்படுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சில ரீசார்ஜ் கடைகள் பெண்களின் நம்பர்களை விலைக்கு விற்றதாக 2017இல் செய்தி வெளியானது. அடுத்த ஆண்டே வோடஃபோன் நிறுவனம், பெண்கள் தங்கள் உண்மையான நம்பரைக் கடைக்காரரிடம் சொல்லாமலேயே ரீசார்ஜ் செய்துகொள்ளும் ‘சகி’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓலா, ஊபர் போன்ற நிறுவனங்களும் ஓட்டுநரையும் பயணியையும் இடையில் ஒரு பொது நம்பர் வைத்தே பேச வைக்கின்றன. பெரிய நிறுவனங்கள் மென்பொருள் வைத்துச் செய்யும் இந்தப் பாதுகாப்பைச் சிறு வியாபாரி ஓர் இரண்டாவது சிம் கார்டை வைத்துச் செய்துகொள்ளலாம்.

அதற்கான வசதி பெரும்பாலானவர்களின் கையிலேயே இருக்கிறது. போனில் *#06# என்று அழுத்திப் பாருங்கள். இரண்டு ஐஎம்இஐ எண்கள் வந்தால் அது இரண்டு சிம் தாங்கும் போன். இந்தியாவில் இந்த வகைப் போன்களைப் பரவலாக்கியது கட்டணப் போட்டி. 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று அறிவித்த காலம் அது. ஒரே நிறுவனத்து நம்பர்களுக்குள் பேசினால் மலிவு என்பதால் ஜனங்கள் இரண்டு சிம் வைத்திருந்தார்கள். மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற நிறுவனங்கள் அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆலை வைத்திருந்த நோக்கியா இதில் தாமதமாகத்தான் இறங்கியது. கட்டணப் போட்டி முடிந்து, எந்த நிறுவனத்துக்குப் பேசினாலும் ஒரே விலை என்றான பிறகும் அந்த இரண்டாவது இடம் போனில் தங்கிவிட்டது. பலரது போனில் அது இன்று காலியாகக் கிடக்கிறது.

இரண்டு சிம் போட்டால் இரண்டு போன் வைத்திருப்பது மாதிரிதான் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்களும் அழைப்புக்காகக் காத்திருக்கும்; ஆனால் ஒன்றில் பேச ஆரம்பித்ததும் மற்றது அமைதியாகிவிடும். வீட்டு நம்பரில் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருக்கும்போது கடை நம்பரை அழைக்கும் வாடிக்கையாளருக்கு ‘பிஸி’ என்றுகூட வராது. ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்ற குரல்தான் கேட்கும். அவர் அடுத்த கடையைத் தேடிப் போய்விடுவார். புதிய போன்கள் சிலவற்றில், ஒரு சிம்மில் பேசும்போது இன்னொரு சிம்முக்கு வரும் அழைப்பை இணையத் தொடர்பு வழியாகப் பெறும் வசதி இருக்கிறது. மற்றவர்கள் கால் ஃபார்வேர்டிங்கைப் பயன்படுத்தலாம். கடை நம்பர் ‘தொடர்பு கிடைக்காதபோது’ வீட்டு நம்பருக்கும், வீட்டு நம்பர் கிடைக்காதபோது கடை நம்பருக்கும் அழைப்பு போகும்படி அமைத்துவிட்டால், பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அழைப்பு ‘கால் வெயிட்டிங்’ ஆக வந்து நிற்கும். சாம்சங் போன்களில் இதை அமைக்க சிம் பகுதியிலேயே தனி இடம் இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஃபார்வேர்டிங்கை நீங்களாகவே போனின் அமைப்புகளுக்குள் போய்ச் செய்யுங்கள். கூரியர் கம்பெனி என்றோ செல்போன் நிறுவனம் என்றோ சொல்லிக்கொண்டு யாராவது *401* என்று தொடங்கும் ஒரு எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தவே வேண்டாம். அழைப்புகளைத் திருடனின் நம்பருக்குத் திருப்பிவிடும் வித்தை அது. குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அவனுக்கே போய்ச் சேரும். இந்த மோசடி பெருகியதால்தான் இப்படிக் குறியீடு அழுத்திச் செய்யும் ஃபார்வேர்டிங் சேவையை 2024 ஏப்ரல் நடுவிலிருந்து நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

நம்பரைப் பிரிப்பதற்கான பெரிய காரணமும் இந்த மோசடிதான். தொந்தரவு இரண்டாம் பட்சம். ஒருவருடைய கணக்கைக் குறிவைக்கும் திருடனுக்கு முதலில் தேவை, வங்கியில் பதிவான நம்பர். அதைக் கடைப் பலகையிலும், பில்லிலும், இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் பெரிய எழுத்தில் நாமே போட்டு வைத்திருக்கிறோம். நம்பரையே ஐடியாகக் கொண்ட யுபிஐ கியூஆர் அட்டையை ஒட்டினால் அதிலும் தெரிகிறது. சேமிப்பெல்லாம் இருக்கும் கணக்கின் நம்பர் குடும்பத்துக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்ததாக இருக்கட்டும். கடை வசூலுக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அதைக் கடை நம்பரோடு இணைத்து, வாரத்துக்கு ஒருமுறை பணத்தை மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு. என்ன நடந்தாலும் நஷ்டம் ஒரு வார வசூலோடு நிற்கும். செலவுக் கணக்கு எழுதுவோருக்கு, கடை நம்பரின் ரீசார்ஜை அப்படியே தொழில் செலவாகக் காட்டவும் வசதி.

சரி, பழைய நம்பர் யாருக்கு, புதிய நம்பர் யாருக்கு? புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குக் குழப்பமில்லை. புது நம்பர் கடைக்கு. பத்து வருடமாக ஒரே நம்பரில் வியாபாரம் செய்தவருக்குத்தான் இது தலைவலி. அந்த நம்பர் நூற்றுக்கணக்கான வீட்டுப் போன்களில் ‘பிளம்பர் அண்ணன்’, ‘டெய்லர் அக்கா’ என்று பதிந்திருக்கிறது. ட்ரூகாலரில் தேடினாலும் ஊரார் வைத்த அந்தப் பெயர்தான் வரும். அந்த நம்பரை வாடிக்கையாளரிடமிருந்து பறிப்பது கடையை இடம் மாற்றுவதற்குச் சமம். எனவே பழையதைக் கடைக்கே விட்டுவிட்டு, வங்கியையும் ஆதாரையும் புது நம்பருக்கு மாற்றுவதே மேல். வங்கிக் கிளைக்கும் ஆதார் மையத்துக்கும் கொஞ்சம் அலைச்சல் உண்டு. அந்த அலைச்சல் ஒரு தடவையோடு முடிந்துவிடும்.

வாட்ஸ்அப் பக்கம் வேலை சுலபம். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, சாதாரண வாட்ஸ்அப்போடு அதே போனில் தனி நம்பரில் இயங்கும். கடையின் முகவரி, வேலை நேரம், விலையோடு பொருட்களின் பட்டியல் எல்லாம் அதில் போட்டு வைக்கலாம். கடை மூடிய நேரத்தில் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படியும் அமைக்கலாம். “வணக்கம். கடை நேரம் காலை 9 முதல் இரவு 8 வரை. உங்கள் செய்தி வந்துவிட்டது; காலையில் பார்த்துச் சொல்கிறோம்” என்று ஒரு முறை எழுதி வைத்தால் போதும். இரவு பதினொரு மணிக்கு மெரூன் சேலை கேட்டவருக்கும் மரியாதையான பதில் கிடைத்துவிடும், வீட்டில் இருப்பவர்களின் தூக்கமும் கெடாது. லேண்ட்லைன் நம்பரைக்கூட இந்தச் செயலியில் பதியலாம். உறுதிப்படுத்தும் எண்ணை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் குரல் அழைப்பில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு, ஆண்ட்ராய்டு போன்களில் சாதாரண வாட்ஸ்அப்புக்குள்ளேயே இரண்டு நம்பர்களைச் சேர்த்து மாறி மாறிப் பார்க்கும் வசதியும் வந்தது. ஆனாலும் வியாபாரத்துக்கு பிசினஸ் செயலியே பொருத்தம்.

தினசரிப் பழக்கத்தில் சில சின்ன ஏற்பாடுகள் பெரிய உதவி செய்யும். இரண்டு சிம்களுக்கும் ‘வீடு’, ‘கடை’ என்று பெயர் வைத்து, வேறு வேறு ரிங்டோன் வைத்துவிட்டால், போனைத் தொடாமலே யார் அழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஐபோனில் இந்த ரிங்டோன் வசதி 2023இல் ஐஓஎஸ் 17உடன் வந்தது. வெளியே அழைக்கும்போது ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று வைத்துக்கொண்டால், அவசரத்தில் வீட்டு நம்பரிலிருந்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிடும் தவறு நேராது. இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த நம்பர் வெளியே போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

செலவு என்று பார்த்தால், கடை சிம்முக்கு டேட்டா தேவையே இல்லை. இரண்டு வாட்ஸ்அப்புகளும் வீட்டு சிம்மின் டேட்டாவிலேயே ஓடிவிடும். டேட்டா இல்லாமல் குரலுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் தந்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே ஜியோவும் ஏர்டெல்லும் 84 நாட்களுக்கு 450 ரூபாயை ஒட்டிய விலையில் அத்தகைய திட்டங்களை வெளியிட்டன. அந்த விலையில் கணக்குப் போட்டால் நாளுக்கு ஐந்தரை ரூபாயை ஒட்டித்தான் வரும்.

அந்த ரீசார்ஜையும் மறந்து விட்டுவிட்டால்தான் ஆபத்து. டிராய் விதிப்படி 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த பிறகு குறைந்தது 90 நாட்கள் கழித்து அதே நம்பர் வேறொருவருக்குப் போகும். வங்கிக் கணக்கு அந்த நம்பரோடு இணைந்தே இருந்தால், நம் ஓடிபி யாரோ ஒருவரின் போனில் ஒலிக்கும். இதனால்தான், இப்படிக் கைமாறிய நம்பர்களின் பட்டியலை வாரம் ஒருமுறையாவது பார்த்துத் தங்கள் பதிவுகளைத் திருத்த வேண்டும் என்று வங்கிகளுக்கும் யுபிஐ செயலிகளுக்கும் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 மார்ச் 31 வரை கெடு வைத்தது.

இரண்டாவது சிம்மை எந்த நிறுவனத்தில் வாங்குவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக்காரர்களிடம் அனுபவப் பாடமே உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை திடீரென்று முடங்கியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பேசவும் முடியாமல், ஓடிபியும் வராமல் தவித்தார்கள். வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டிய போர்ட்டிங் எண்ணுக்கே ஏர்செல் அலுவலக வாசல்களில் வரிசையில் நின்றார்கள். எனவே வீட்டு நம்பர் ஒரு நிறுவனத்தில் இருந்தால் கடை நம்பரை இன்னொன்றில் வாங்குங்கள். வாங்குமுன் இரண்டாவது சிம் இடம் மெமரி கார்டுக்கும் பொதுவானதா என்று போனைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும்.

இ-சிம் வசதியுள்ள போனாக இருந்தால், வங்கியோடு இணைந்த வீட்டு நம்பரை இ-சிம்மாகவும், கடை நம்பரை அட்டையாகவும் வைப்பது நல்லது. போனைத் திருடியவன் இ-சிம்மைக் கழற்றி வேறு போனில் போட முடியாது. கடை சிம்மையோ, நாம் ஊருக்குப் போகும் நாளில் கடையைப் பார்த்துக்கொள்பவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அட்டையை இ-சிம்மாக மாற்றிய 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்ற பாதுகாப்பு விதி இருப்பதால், வங்கி வேலை இல்லாத நாளாகப் பார்த்து அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

கடைசியாக, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது. கடையில் வேலை பார்க்கும் தம்பியின் ஆதாரைக் காட்டி வாங்கிய சிம் சட்டப்படி அந்தத் தம்பியுடையது. அவர் வேலையை விட்டுப் போகும்போது, பலகையில் எழுதிய நம்பரும் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடலாம். கடை நம்பரை உரிமையாளரின் பெயரிலேயே வாங்குங்கள். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை வைத்துக்கொள்ள நம் மாநிலத்தில் அனுமதி உண்டு. உங்கள் பெயரில் இப்போது எத்தனை நம்பர்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத நம்பர் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால், ‘இது என் நம்பர் இல்லை’ என்று அங்கேயே புகார் பதிவு செய்யுங்கள். புது சிம் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.