சுக்பா மணக்கும் ஊர்

லடாக்கில் பட்டாளத்து வேலையில் இருந்த காலத்தில், எனக்கு விடியல் என்றாலே சுக்பா வாசனைதான். வீட்டுப் பெண்கள் தூபக்காலில் கங்கு எடுத்து, அதன்மேல் காய்ந்த இலையை ஒரு பிடி போட்டு, அறை அறையாகப் புகை காட்டுவார்கள். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதைப் போல. அந்த இலை ஜூனிபர் மரத்தினுடையது. லடாக்கியர் அதைச் சுக்பா என்பார்கள். ‘லாத்தோ’ என்கிற தெய்வமேடைகளின் உச்சியிலும் சுக்பாக் கிளையைக் கட்டாகச் செருகியிருப்பார்கள். லோசர் புத்தாண்டு வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். ஆம்ச்சி வைத்தியர்களுக்கு அது மருந்தும்கூட. எளிதில் உளுத்துப்போகாத வைரம் பாய்ந்த கட்டை என்பதால், முன்பு கட்டடங்களுக்கும் பயன்பட்டது.

இத்தனைக்கும் பயன்படுகிற மரம் வளரும் வேகத்தைப் பாருங்கள். லடாக்கின் லே பக்கம் ஆண்டு முழுவதற்கும் பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். பனி உருகிய ஈரத்தை நம்பிப் பாறை இடுக்கில் நிற்கும் மரம், வறண்ட ஆண்டில் மயிரிழை அளவுக்குத்தான் பருக்கும். சில ஆண்டுகளில் வளையமே விழாது. அதனால் ஒரே மரத்தை எண்ணிப் பார்த்து வயது சொல்ல முடியாது; பல மரங்களில் பென்சிலைவிட மெல்லிய துண்டை உருவியெடுத்து, வளையங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இமாச்சலத்தின் லாஹௌல் பகுதி ஜூனிபர்களைக் கொண்டு இப்படி 1,584 ஆண்டுக் கணக்கை உருவாக்கி, 2006இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு, வட பாகிஸ்தான் ஜூனிபர் வளையங்களில் உள்ள ஆக்சிஜனை அளந்து, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் அங்கே அதிக ஈரம் கண்டது 20ஆம் நூற்றாண்டுதான் என்றது. எழுதிவைக்க ஆளில்லாத மலைகளில் மழைக்கும் பனிக்கும் கணக்கு வைத்திருப்பவை இந்த மரங்கள்தாம்.

லடாக்கில் லிகிரிலிருந்து டெமிஸ்காமுக்கு நடந்துபோகும் வழியில் ஹெமிஸ் சுக்பாச்சன் என்றோர் ஊர். சுக்பாத் தோப்பால்தான் அந்தப் பெயர். சுற்றிலும் மொட்டை மலை. நடுவில் முறுக்கேறிய பருத்த அடிமரங்கள். தெய்வ மரம் என்பதால் ஊரார் அவற்றைக் காத்துவருகிறார்கள். அந்தப் பக்தி இல்லாத இடங்களில், குளிருக்கு விறகாகவே பல மரங்கள் போயிருக்கின்றன.

லடாக் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நினைவுக்காகச் சுக்பாக் கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது வீட்டுக்குள் அழைத்துத் தூபம் காட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து வாசனையை ஆசைதீர இழுத்துக்கொள்ளுங்கள்.