சுகர் இருக்கு... ஜிம்முக்குப் போகலாமா? ஓடத் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கம்பெனி மெடிக்கல் செக்-அப் ரிப்போர்ட் வருகிறது. எச்பிஏ1சி அளவு 7.4. வயது 33தான். டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார். கூடவே, "டெய்லி எக்சர்சைஸ் பண்ணுங்க" என்கிறார். மறுநாளே புது ஷூ வாங்கியாச்சு. மூன்றாவது நாள் காலை, மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ட்ரெட்மில்லில் ஓட்டம். திடீரென்று கை நடுங்குகிறது, குப்பென்று வியர்க்கிறது, கண் இருட்டுகிறது. 'நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று ஷூ பரணுக்குப் போய்விடுகிறது.

தப்பு உடற்பயிற்சியில் இல்லை, அதை ஆரம்பித்த விதத்தில்தான். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். இவர்கள் எல்லோருக்கும் தேவைப்படும் விஷயம் இது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக, இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால், தசை வேலை செய்யும்போது 'கிளட்-4' என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில நேரம் அதற்கு மேலும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதன் பிறகு பலன் குறைந்துவிடும். தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் லீவு விடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சென்னை ஆய்வு சொன்னது

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006-ல் வெளியாகின. சர்க்கரை நோயின் முந்தைய கட்டத்தில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு, சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26 சதவீதம். அதாவது, நடையும் உணவும் மாத்திரைக்குச் சளைக்கவில்லை.

எவ்வளவு செய்யணும்?

* வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, சைக்கிள், நீச்சல் என எதுவும் சரி. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

* வாரத்தில் 2-3 நாள் தசைக்கான பயிற்சி. ஜிம் இல்லையா? ஸ்குவாட், சுவரில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப் போதும்.

* லேப்டாப் முன்னால் உட்கார்ந்தே இருப்பவர்கள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம். சாப்பிட்ட பிறகு 10-15 நிமிட நடை, எகிறும் சர்க்கரையை அடக்கும்.

யாருக்கு 'லோ சுகர்' ஆபத்து?

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும்தான் உஷாராக இருக்க வேண்டும். இவர்கள் பயிற்சிக்கு முன் குளுக்கோமீட்டரில் பார்ப்பது நல்லது. 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்று ஓட்டம் வேண்டாம். டைப் 1 உள்ளவர்கள் கீட்டோன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு, 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை. மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால், நள்ளிரவில்கூட சர்க்கரை இறங்கலாம். மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் முடிவு. தானாகக் குறைக்கக் கூடாது.

காலும் கண்ணும்

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கல் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலுடன் நடக்காமல், காட்டன் சாக்ஸுடன் அளவான ஷூ போடுவதும், வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்ப்பதும் அவசியம். விழித்திரை பாதிப்பு முற்றியவர்கள் அதிக எடை தூக்குவது, சிரசாசனம் போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். பல வருடமாக சுகர் இருப்பவர்கள் கடும் பயிற்சி தொடங்கும் முன் இதயப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்டுவிடலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே மருத்துவமனைதான்.

பரணில் கிடக்கும் ஷூவைத் தாராளமாகக் கீழே இறக்கலாம். முதல் நாளே ஒரு மணி நேரம் ஓட வேண்டியதில்லை. பாக்கெட்டில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம், 10 நிமிட நடை. ஆரம்பத்துக்கு அதுவே போதும்.