பதுளை மலைப்பாதைகளில் டீசல் எஞ்சின்: கரும்புகை முதல் யூரோ 4 வரை

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளையோ 1,430 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடச் சுமார் 13 சதவீதம் குறைவு. போதிய காற்று இல்லாமல் டீசல் அரைகுறையாக எரியும்போது மிஞ்சும் கரிதான் கரும்புகை. பசறை, ஹல்துமுல்லை ஏற்றங்களில் ஆள் நிறைந்த பஸ்களும் கொழுந்து லொறிகளும் கக்கும் புகைக்கு இது முக்கிய காரணம். பாதையோர லயங்களில் குடியிருப்போர்தான் அதை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

பழைய டாட்டா, லேலண்ட் எஞ்சின்கள் வெளிக்காற்றைத் தாமாகவே உறிஞ்சின. இயந்திரப் பம்ப் உயரத்தை அறியாது. அப்புத்தளையிலும் கரையோர அளவிலேயே டீசலைத் தள்ளும். முதலில் பலன் தந்த மாற்றம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, அது கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்துகிறது. மலைநாட்டுக்கு இதைவிட உதவிய மாற்றம் வேறில்லை. கம்மின்ஸ் 5.9 லீற்றர் டர்போ எஞ்சின், 1993 இல் உருவான டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் வழியாக டாட்டா லொறிகளிலும் ஏறியது.

இத்தகைய மாற்றங்களை விரைவுபடுத்தியது சட்டம். 1992 இல் ஐரோப்பா கொண்டுவந்த யூரோ 1 விதி, கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 8 கிராம் நைட்ரஜன் ஒக்சைட்டை வெளியிட அனுமதித்தது. 2005 இன் யூரோ 4 அதை 3.5 கிராமாகவும், கரித்துகளை 0.02 கிராமாகவும் குறைத்தது. பழைய பம்பால் அந்த எல்லையை எட்ட முடியவில்லை. கணினி ஆணைப்படி மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தூவும் கொமன் ரெயில், புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பு, நைட்ரஜன் ஒக்சைட்டைக் குறைக்கும் யூரியாக் கரைசல் என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்தியா, யூரோ விதிகளை ஒட்டிய பாரத் ஸ்டேஜ் 4 ஐ 2017 இல் நாடு முழுவதும் கட்டாயமாக்கி, ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி 2020 இல் ஆறுக்குப் போனது. இலங்கைக்குப் பெரும்பாலான பஸ்களும் பல லொறிகளும் இந்தியாவிலிருந்தே வருவதால் அதன் தாக்கம் இங்கும் உண்டு.

இலங்கையில் புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. 2018 இல் இறக்குமதிக்கு யூரோ 4 தரம் விதிக்கப்பட்டது. ஆனால் டீசல் வாகனத்தை நிறுத்தி வைத்து, ஆக்சிலேட்டரை மிதித்துப் புகையின் கருமையை அளப்பதுதான் பரிசோதனை. சுமையோடு ஏற்றத்தில் நடப்பதை அது காட்டுவதில்லை. பழைய பம்பின் திருகைத் தளர்த்திப் பரிசோதனையில் தேறிவிட்டு, மறுநாள் பழையபடி இறுக்கிவிடவும் முடியும்.

எரிபொருளும் கூடவே மாற வேண்டும். யூரோ 4 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதிகமானால் புகை வடிகட்டிகளும் வினையூக்கிகளும் கெடும். சுப்பர் டீசல் அந்தத் தரத்தில் விற்கப்பட்டாலும், விலை குறைந்த சாதாரண ஓட்டோ டீசலையே பஸ் உரிமையாளர்கள் அடிக்கிறார்கள். எஞ்சினுக்கு மட்டும் விதி போட்டு டீசலை விட்டுவிடுவது பாதி வேலை. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் பஸ்களுக்குச் சுமையுடன் ஏற்றத்தில் பரிசோதனை வேண்டும்; நல்ல டீசல் கட்டுப்படியாகும் விலையில் பசறையிலும் கிடைக்க வேண்டும்.